உட்காராத அக்கா

என் முட்டாள்தனத்தை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்டால் இன்னும் மோசமாக இருக்கும்.

எங்கள் ஜவுளிக்கடையில் மூன்று ஸ்டூல்கள் இருந்தன. அத்தா, அதாவது என் அப்பா, காலத்துப் பலாமர ஸ்டூல்கள். ஆள் வராத நேரத்தில் கடைப்பெண்கள் மாறி மாறி அதில் உட்காருவார்கள். எனக்கு இருபத்து நான்கு வயதானபோது, கோயமுத்தூரில் ஒரு ஓட்டலில் நடந்த இரண்டு நாள் வியாபாரப் பயிற்சிக்குப் போனேன். டை கட்டிய ஒருவர், “நிற்கும் பணியாளர்தான் விற்கும் பணியாளர்” என்றார். நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டேன். மதியம் போட்ட பிரியாணி நன்றாக இருந்தது. அதனால் அவர் சொன்னதும் சரியாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

ஊர் திரும்பிய மறுநாளே மூன்று ஸ்டூல்களையும் மாடிக் கிடங்கில் போட்டுப் பூட்டினேன். கடைக்குள் ஒரு பலகை மாட்டினேன்: ‘பணி நேரத்தில் உட்காரக் கூடாது.’ எல்லையோர ஊர் என்பதால் தமிழிலும் மலையாளத்திலும். இரண்டிலும் எழுத்துப்பிழை இல்லை. அந்தப் பலகையில் பெருமைப்பட அது ஒன்றுதான் இருந்தது.

அத்தா பலகையை இரண்டு தடவை படித்தார். “ஒங்க பாட்டனார் தலைச்சுமையா துணி வித்தவர்டா. அவரே மரத்தடியைக் கண்டா உக்காருவார்” என்றார். கடையை அப்போதுதான் என் கையில் கொடுத்திருந்ததால் அதற்குமேல் பேசவில்லை. நானும் கல்லாவில் இருந்த சுழல்நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டேன். அடுத்த பல வருடங்களுக்கு அந்தக் கடைக்காரர்களில் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் நான்தான். தொப்பையையும் சேர்த்தால் ஒன்றரை.

அந்தப் பலகைக்குக் கீழே நின்றவர்களில் ஒருவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், “ஏனுங், என்னைக் கேக்காம எப்படிங்க எழுதுனீங்க?” என்று எலப்புள்ளியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து நிற்பார். நன்றாகக் கவனியுங்கள். வந்து நிற்பார். வந்து உட்கார மாட்டார்.

எங்கள் எல்லோருக்கும் அவர் அக்கா. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். கடையை விட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் மதியம் இரண்டரை மணிக்குச் சேலைப் பகுதியை ஏறிட்டுப் பார்த்தால், மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் அவர் நிற்பது போலவே இருக்கிறது.

மதியம் இரண்டரை என்பது ஜவுளிக்கடையில் ஒரு தனி நேரம். பகலுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் அதற்கென்று ஒரு சந்து உண்டு. வாளையார்ப் பக்கமிருந்து வரும் கணவாய்க் காற்று தெருவில் நுழைந்து, வாசலில் தொங்கும், மலையாளப் பெண்கள் உடுத்தும் செட்டுமுண்டுகளை ஆட்டிவிட்டுப் போகும். காலையில் வந்தவர்கள் விரித்துப் பார்த்துவிட்டுப் போன சேலைகள் வெள்ளை மெத்தை முழுவதும் கிடக்கும். மயில்கழுத்து, மாம்பழம், வெங்காயத்தோல், வாடாமல்லி. மின்விசிறிக் காற்றில் அவை லேசாக எழும்பும், அடங்கும். யாரோ ஒரு குளத்தில் நிறத்தைக் கரைத்துவிட்டது மாதிரி இருக்கும். அந்தக் குளத்தின் கரையில் அக்கா நிற்பார். ஒரு காலை ஊன்றி, மறுகாலை அதன்மேல் சாய்த்து, மூன்று விரல்களை மட்டும் மேசை விளிம்பில் வைத்துக்கொண்டு. கால்மணிக்கு ஒரு தடவை கால் மாறும். கண் திறந்திருக்கும். ஆள் உள்ளே இருக்கமாட்டார்.

அவரைப் பார்த்துக்கொண்டே நான் தூங்கிப்போவேன். விழிக்கும்போது குளம் வற்றியிருக்கும். சேலைகள் எல்லாம் மடிந்து அலமாரிக்குள் போயிருக்கும். அக்கா அதே இடத்தில், மறுகாலில்.

சாப்பாடும் நின்றுகொண்டேதான். ஜன்னல் திட்டில் தூக்குப்போசியை வைத்து, தெருவைப் பார்த்தபடி சாப்பிடுவார். பஸ்ஸில் இடம் கிடந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருவார் என்று மற்ற பெண்கள் சொல்வார்கள். கேட்டால், “உக்காந்தாத் தூங்கிருவனுங்க. அப்பறம் ஒலவக்கோட்டுக்குப் போய்த்தான் முழிப்பேன்” என்பார்.

என் கல்யாணத்துக்கும் வந்திருந்தார். மண்டபத்தில் ஐந்நூறு நாற்காலி. ஆல்பத்தில் ஒரு படம் இருக்கிறது. அத்தனை பேரும் உட்கார்ந்திருக்க, ஓரத்தில் அக்கா மட்டும் நிற்கிறார். அதைப் பார்த்து என் மனைவி, “இவங்க யாரு, மண்டபத்துக்காரங்களா?” என்று கேட்டாள். “இல்லை, நம்ம கடை அக்கா” என்றேன். “ஒரு நாற்காலி கூடவா குடுக்கலை?” என்றாள். கல்யாணமாகி நான்காவது நாள் அது. அதன் பிறகு அவள் என்னைக் கேட்ட எல்லாக் கேள்விகளும் அந்தத் தரத்தில்தான் இருந்தன.

சேலை விற்பதில் அக்காவுக்கு ஒரு தனி வழி. மெத்தையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை முதலில் எழுப்பி நிற்கவைப்பார். முந்தியை அவள் தோளில் போட்டுவிட்டு இரண்டடி பின்னால் போவார். “நின்னு பாருங்க கண்ணு. நின்னாத்தான் சேலை. உக்காந்தா வெறுந்துணி.” நூறு சேலை பார்த்தும் மனசு வராதவர்கள் அந்த ஒரு வரியில் எழுந்து, எடுத்துக்கொண்டு போவார்கள். அவர் சொன்னது சேலையைப் பற்றி மட்டும்தானா என்று நான் அப்போது யோசிக்கவில்லை. பொதுவாகவே அந்த வயதில் நான் யோசிப்பதில்லை.

பிறகு சர்க்கார் சட்டம் கொண்டுவந்தது. கடையில் நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று. அதிகாரி ஒருவர் வந்து கடையைச் சுற்றிப் பார்த்தார். பலகையை அவர் கண்ணில் படாமல் நான் முதுகால் மறைத்துக்கொண்டு நின்றேன். என் முதுகு பெரியது. பலகை அதைவிடப் பெரியது. “அது எந்தா?” என்று கேட்டார். அன்றைக்கே கழற்றிவிட்டேன். சுவரில் நான்கு ஆணித்துளைகள் இருக்கின்றன. இரண்டு தடவை பெயின்ட் அடித்தும் போகவில்லை.

மூன்று ஸ்டூல்களும் மாடியிலிருந்து இறங்கின. கூட ஆறு புது ஸ்டூல்கள். முதல் நாள் பெண்கள் கூச்சத்தோடு நுனியில் உட்கார்ந்தார்கள். இரண்டாம் நாள் முழுசாக. மூன்றாம் நாள், குழந்தை உடைப் பகுதியில் வேலை செய்யும் ஸ்டெல்லா கால்மேல் கால் போட்டாள். அவள் மூணாறுப் பக்கம் பள்ளிவாசல் எஸ்டேட்டிலிருந்து வந்தவள். தேயிலைக் காட்டில் உட்கார இடம் கிடையாது என்றுதான் ஜவுளிக்கடைக்கே வந்தாளாம். வந்த இடத்தில் என் பலகை.

அக்கா மட்டும் உட்காரவில்லை.

ஒரு வாரம் பார்த்தேன். ஸ்டூலில் பெட்டி வைத்தார், தூக்குப்போசி வைத்தார், மடித்த ஜாக்கெட் துணி வைத்தார். தன்னை மட்டும் வைக்கவில்லை. கிடங்கில் சரக்கு எடுக்க வந்தபோது கேட்டேன்.

“ஏனக்கா, எல்லாரும் உக்காந்தாச்சு. உங்களுக்கு மட்டும் ஸ்டூல் குத்துதா?”

“குத்தலீங்க.”

“பின்னே?”

கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். “நீங்க எந்திரிக்கச் சொன்னீங்க. எந்திரிச்சனுங்க.”

“நானா? எப்போ?”

“பலகை மாட்டுன அன்னிக்கு. ஒரு கலியாணச் சேலைக்கு ஃபால்ஸ் தெச்சிட்டிருந்தேன், ஸ்டூல்ல உக்காந்து. வந்தீங்க. எந்திரிங்க, இனிமே இங்க யாரும் உக்காரக் கூடாதுன்னீங்க. பொண்ணூட்டுக்காரங்க பதினஞ்சு பேர் நின்னு பாத்திட்டிருந்தாங்க.”

“அப்புறம்?”

“மிச்சத்த நின்னுட்டே தெச்சனுங்க.”

எனக்கு அது நினைவில் இல்லை. சத்தியமாக இல்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது. அவர் மனதில் இத்தனை வருடம் நின்றுகொண்டே இருந்த ஒரு நாள், என் மனதில் ஒரு நிமிடம்கூட நிற்காமல் போயிருக்கிறது. சேலையின் விளிம்பு முழுக்க ஓடும் தையல் அது. ஒரு கையில் சேலையைத் தூக்கிப் பிடித்து, மறுகையில் ஊசியோடு, நின்றுகொண்டே. அதுவும் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தவரை நான் எழுப்பவில்லை, வேலை செய்துகொண்டிருந்தவரை எழுப்பியிருக்கிறேன்.

“சரிக்கா, இப்ப நானே சொல்றேன். உக்காருங்க” என்றேன். சொல்லிவிட்டுச் சிரித்தும் வைத்தேன். எனக்குச் சிரிப்பு ஒரு குடை மாதிரி. நனையப்போகிறேன் என்று தெரிந்தால் விரித்துவிடுவேன்.

அக்கா சிரிக்கவில்லை. “எந்திரிக்கச் சொன்னது கடைக்குள்ளீங்க. இது கொடவுன்” என்றார். பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

கீழே போய், நாலு பேர் முன்னால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். நான் எடுத்துக்கொண்டது ஏறக்குறைய ஒரு வருடம். தினமும் கல்லாவிலிருந்து சொல்ல எழுவேன். யாராவது கட்டைப் பையோடு உள்ளே வருவார்கள். “வாங்க வாங்க” என்று அவர்களிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

அதற்குள் அவர் முழங்கால்கள் பதில் சொல்ல ஆரம்பித்திருந்தன. கால்மணிக்கு ஒரு தடவை மாறிய கால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மாறியது. மாறும்போது மூன்று விரல் போதாமல் முழுக் கையும் மேசையில் ஊன்றியது. டாக்டர் பார்த்துவிட்டு, இனி நிற்பதையும் நடப்பதையும் குறைக்காவிட்டால் கால் கைவிட்டுவிடும் என்று சொல்லிவிட்டார். “இந்த ஓணத்தோட போதுமுங்க” என்று அத்தாவிடம் போய்ச் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை.

ஓணம் விற்பனை முடிந்ததும் ஒரு நாள் கடையை அடைத்துவிட்டு எல்லோரும் பஸ் பிடித்து எங்காவது போவது எங்கள் வழக்கம். அந்த வருடம் மலையடிவாரத்தில் உள்ள ஒரு பெரிய பொழுதுபோக்குப் பூங்கா. பெயர் வேண்டாம், அவர்களுக்கு விளம்பரம் செய்ய ஆள் இருக்கிறது. அக்கா எந்த வருடமும் வந்ததில்லை. “ஊட்டுல வேலை கெடக்குதுங்க” என்பார். இந்த வருடம் ஸ்டெல்லா இடுப்பில் கைவைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

“அக்கா வரலேன்னா நாங்க யாரும் வரலை சார். நீங்களும் டிரைவருமா போய் ராட்டினம் சுத்திட்டு வாங்க.”

அக்கா வருவதாகத் தலையாட்டினார். ஏன் தலையாட்டினார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அந்தப் பூங்காவுக்குள் அவர் கால் வைத்ததில்லை. ஆனால் முழுவதும் தெரியும். சுற்றுலாவுக்குத் துணி எடுக்க வருபவர்கள், சீக்கிரம் காய்கிற மாதிரிக் காட்டச் சொல்லிவிட்டு, போன தடவை பார்த்ததையெல்லாம் அவரிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். சேலையை விரித்துக்கொண்டே அவர் கேட்டுக்கொள்வார். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி எங்களுக்கே வழி சொன்னார்.

“உள்ள போனதும் எடது கைப்பக்கம் கண்ணாடி ஊடு. அதத் தாண்டுனா மழை பேயற கூடாரம். மேட்டுல ஏறுனா அலைக்கொளம். மணியடிச்சா அலை வருமாமா. மறுக்கா மணியடிச்சா நின்னுருமாமா.”

“கடலுக்கே ஒருநாள் போலாமேக்கா” என்றேன்.

“கடல் வேண்டாமுங்க. அது ராவும் பகலும் அடிச்சிட்டே கெடக்குமாமா. பாக்கவே கஷ்டமா இருக்கும். இதுன்னா அப்பப்ப உக்காருதுல்ல.”

அவருக்குப் பார்க்க வேண்டியிருந்தது அது ஒன்றுதான். பஸ்ஸிலிருந்து இறங்கி, வாசலுக்கு நடந்து வருவதற்குள் அவர் மூன்று இடத்தில் நின்றுவிட்டார். அலைக்குளமோ மேட்டின் உச்சியில். நல்ல காலுக்கே முக்கால் மணி நேரம்.

வெயிலும் தூறலும் சேர்ந்து பெய்துகொண்டிருந்தது. எங்கிருந்தோ பாட்டு, எங்கிருந்தோ கூச்சல். காற்றில் தண்ணீர்த் தூள். எல்லோரும் கொஞ்சம் மிதக்கிற மாதிரி இருந்தார்கள். வாசலுக்குப் பக்கத்தில், நடக்க முடியாதவர்களுக்கென்று இரண்டு பேட்டரி ஸ்கூட்டர்கள் நின்றன. நான்கு சிறு சக்கரம், கைப்பிடி, முதுகு சாயும் இருக்கை. கைப்பிடிக்கு நடுவில் ஒரு திருகு. அதன் ஒரு பக்கம் ஆமைப் படம், மறுபக்கம் முயல் படம். வண்டிக்குப் பொறுப்பாக இருந்த மலையாளிச் சேட்டன், “சேச்சிக்கு இதில் இருந்நு போகாம், ஈஸியா” என்றார். உட்கார்ந்தே போகலாமாம்.

“ரொம்ப சுலபம்க்கா, பாருங்க” என்று, எல்லாம் தெரிந்தவன் போல நான் ஏறி உட்கார்ந்தேன். உட்காருவது ஒன்றில்தான் எனக்கு நல்ல பழக்கம் இருக்கிறதே. திருகை முயல் பக்கம் திருப்பினேன். வண்டி, எதிரே வாயைத் திறந்துகொண்டு நின்ற ஒரு பெங்குவின் குப்பைத்தொட்டியில் போய் முட்டியது. அந்தப் பெங்குவின் வாயில் எல்லோரும் ஐஸ்கிரீம் காகிதம் போடுவார்கள். நான் என் மானத்தைப் போட்டேன்.

கடைப்பெண்கள் பதினெட்டுப் பேரும் சிரித்து முடிக்கும்வரை அக்கா காத்திருந்தார். பிறகு வண்டிக்குப் பக்கத்தில் வந்து இருக்கையை விரலால் அழுத்திப் பார்த்தார். “ரெக்சின் நல்லா இருக்குதுங்க” என்றார். கைப்பையையும் குடையையும் தூக்குப்போசியையும் இருக்கையில் பத்திரமாக வைத்தார். செருப்போடு கால்மிதியில் ஏறி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆமைப் பக்கம் திருகினார்.

வண்டி நகர்ந்தது.

நடக்க முடியாதவர் உட்கார்ந்து போவதற்கென்றே ஒருவன் யோசித்து யோசித்துச் செய்த வண்டியில் அக்கா நின்றுகொண்டு போனார். முந்தி காற்றில் எழும்பியது. திருவிழாக் கூட்டத்தில் தேர் வருவதுபோல ஜனங்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். பெண்கள் கைதட்டினார்கள். இருக்கையில் தூக்குப்போசி ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது.

இருபதடி போவதற்குள் விசில். காவலாளி ஓடிவந்தார்.

“நின்னு ஓடிக்கான் பாடில்ல சேச்சி! வீழும். இருக்கணம். இல்லெங்கில் வண்டி திரிச்சு தரணம்.”

உட்காரு, இல்லாவிட்டால் வண்டியைக் கொடு. அவர் சொன்னது நியாயம்தான். அக்கா வண்டியை நிறுத்தினார். பையையும் குடையையும் போசியையும் எடுத்துக்கொண்டு மெல்லக் கீழே இறங்கினார்.

“நீங்கெல்லாம் போயிட்டு வாங்க கண்ணு. நான் இந்த மரத்தடியில நிக்கறேன். வந்து சொல்லுங்க, கேட்டுக்கறேன். இத்தன வருசமா கேட்டுத்தான பழக்கம்.”

அப்போது மேட்டிலிருந்து மணிச்சத்தம் கேட்டது. நீளமாக, மெதுவாக. அதைத் தொடர்ந்து நூறு பேர் ஒன்றாகக் கூவும் சத்தம். அலை வந்துவிட்டது. அக்காவின் முகம் அந்தப் பக்கம் திரும்பியது. மதியம் இரண்டரை மணிக்குத் திரும்புமே, அந்த மாதிரி. கண் இங்கே இருந்தது, ஆள் மேட்டுக்குப் போய்விட்டார்.

ஸ்டெல்லா என் பக்கத்தில் வந்தாள். “சொல்லுங்க சார்” என்றாள்.

“என்ன சொல்ல?”

“என்ன சொல்லணும்னு ஒங்களுக்குத் தெரியும்லா. எனக்கும் தெரியும். கடையில எல்லாருக்குந்தான் தெரியும்.”

மரத்தடியை நோக்கி நடந்தேன். பக்கத்தில் போய், “அக்கா, உக்காருங்க” என்றேன்.

“கேக்கலீங்க.”

“உக்காருங்க மகாராணி!” என்றேன் கொஞ்சம் உரக்க, குடையை விரித்து. அதுதான், சிரித்து.

“தமாசு வேண்டாமுங்க.”

தூறல் என் மூக்குக்கண்ணாடியில் விழுந்து எனக்கு எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. கடைப்பெண்கள், காவலாளி, ராட்டினத்துக்கு வரிசையில் நின்ற யார் யாரோ. வியாபாரப் பயிற்சியில் இதற்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை.

“அக்கா!” என்று கத்தினேன். “அன்னிக்கு எல்லார் முன்னாலயும் உங்களை எந்திரிக்கச் சொன்னேன். வேலை செஞ்சிட்டிருந்தவங்களைச் சொன்னேன். அது தப்பு. என் தப்பு. இப்ப எல்லார் முன்னாலயும் சொல்றேன். உக்காருங்க!”

பக்கத்து பெஞ்சிலிருந்து எழுந்துகொண்டிருந்த ஒரு பெரியவர், அவரைத்தான் சொல்கிறேன் என்று பயந்து மறுபடி உட்கார்ந்துவிட்டார். காவலாளி வாயிலிருந்த விசில் தானாக நழுவிக் கயிற்றில் ஆடியது.

அக்கா என்னைப் பார்த்தார். ஒரு சேலையின் முந்தியை விரித்துப் பிடித்து, கறை இருக்கிறதா என்று பார்ப்பாரே, அப்படி. பிறகு கைப்பையையும் குடையையும் தூக்குப்போசியையும் என் பக்கம் நீட்டினார்.

“இதப் புடிங்க.”

அத்தனை வருடத்தில் அவர் எனக்கு இட்ட முதல் வேலை அது. பிடித்துக்கொண்டேன்.

அவர் உட்கார்ந்ததை எப்படிச் சொல்வது? முதலில் ஒரு கையால் இருக்கையைத் தொட்டார். சேலையை ஒதுக்கினார். பாதி இறங்கி ஒரு கணம் நின்றார், உடம்புக்கு வழி மறந்துவிட்டது போல. பிறகு உட்கார்ந்தார். முதுகு சாய்ந்தது. தோள் இறங்கியது. இரண்டு பாதமும் ஒரே நேரத்தில் சும்மா இருந்தன. “ஸ்ஸ்” என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. சூடான தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் மாதிரி. அவர் வாயிலிருந்து வந்ததா முழங்காலிலிருந்து வந்ததா என்று தெரியவில்லை. ஸ்டெல்லா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆமைப் பக்கம் திருகிப் போவார் என்று நினைத்தேன். அவர் முயலுக்குத் திருப்பினார்.

பின்னால் நான் ஓடினேன். கண்ணாடி வீட்டின் வெளிச்சுவரில் நூறு கண்ணாடிகள். நூறு அக்காக்கள் உட்கார்ந்து வழுக்கிக்கொண்டு போனார்கள். ஒருவர் உயரமாக, ஒருவர் குள்ளமாக, ஒருவர் தலைகீழாக. எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு குண்டு ஆள், கையில் தூக்குப்போசியும் அக்குளில் குடையுமாக, மூச்சிரைக்க ஓடினான். நூறு பேராக முட்டாளாவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். மழை பெய்யும் கூடாரத்துக்குள் அவர் நுழைந்தார். மேலிருந்து வெள்ளி நூல்களாகத் தண்ணீர் இறங்க, அதற்குள் அரக்குநிறச் சேலை மட்டும் தெரிந்தது, மறைந்தது, மறுபக்கம் வந்தது. சக்கரம் தரையில் படுகிறதா என்றே சந்தேகமாக இருந்தது. இப்போது யோசித்தால் அதை நான் பார்த்தேனா, மதியத் தூக்கத்தில் கண்டேனா என்று குழம்புகிறது. ஆனால் கனவில் எனக்கு மூச்சிரைப்பதில்லை.

மேட்டுக்கு வந்து சேர்ந்தபோது அலைக்குளம் அமைதியாகக் கிடந்தது. நீலத் தண்ணீர், கழுத்தளவில் நூறு தலைகள், எல்லாம் காத்துக்கொண்டிருந்தன. அக்கா கரையின் கம்பி வேலியை ஒட்டி வண்டியை நிறுத்தினார். நான் இரண்டடி பின்னால், சாமான்களோடு.

மணி அடித்தது. தூரத்துச் சுவருக்கு அடியிலிருந்து தண்ணீர் ஒரு தடவை மூச்சு வாங்கி எழும்பியது. மடிப்பு மடிப்பாக வந்தது. யாரோ ஒரு முனையைப் பிடித்து உதற, நீளமான ஒரு பட்டு விரிந்துகொண்டே வருவது போல. கரையில் வந்து நுரையாகக் கிழிந்தது. அடுத்தது. அதற்கடுத்தது.

“அதா பாருங்க” என்றார் அக்கா, ஒருவரையும் பார்க்காமல். “அந்தப் பச்சப் பூப்போட்டது, நம்ம கடைத் துணி. சாயம் போகாதுன்னு சொல்லிக் குடுத்தேன். போகலை.”

மறுபடி மணி அடித்தது. அலை ஒவ்வொன்றாகத் தளர்ந்து, தண்ணீர் தட்டையாகி, உட்கார்ந்தது. அக்காவும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பாதங்கள் கால்மிதியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சும்மா கிடந்தன. ஸ்டெல்லாவும் மற்றவர்களும் தண்ணீரில் இறங்கிக் கையாட்டினார்கள். அவரும் ஆட்டினார்.

இப்படி ஐந்து தடவையோ ஆறு தடவையோ மணி அடித்து அலை வந்து ஓய்ந்தது. நான் எண்ணவில்லை, என் கால் எண்ணியது. குதிகாலில் ஆரம்பித்த வலி கெண்டைக்காலுக்கு ஏறி, முழங்காலில் வந்து தங்கி, அங்கிருந்து இடுப்புக்கு ஆள் அனுப்பியது. ஒரு காலை ஊன்றி மறுகாலைச் சாய்த்துப் பார்த்தேன். பிறகு மாற்றிப் பார்த்தேன். தூக்குப்போசி வேறு கனத்தது. இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. இதைத்தான் இவர் இத்தனை வருடம், காலை ஒன்பதரையிலிருந்து இரவு எட்டு மணி வரை. அந்தக் கணக்கை மனதில் போடத் தொடங்கினேன், பாதியில் பயந்து விட்டுவிட்டேன்.

நான்கடி தள்ளி ஒரு சிமென்ட் பெஞ்சு காலியாக இருந்தது. அத்தனை அழகான பெஞ்சை என் ஆயுளில் நான் பார்த்ததில்லை.

“அக்கா, நான் கொஞ்சம் அந்தப் பெஞ்சுல உக்காந்துக்கட்டுமா?” என்றேன்.

அலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

“பணி நேரத்துல உக்காரக் கூடாதுங்க.”